எழுபத்தோராவது பெயர்

2021இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலேசியாவின் லாபிஸில் எனக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது? காலையில் தேநீரோடு முகநூலைத் திறப்பேன். ஜொகூரில் நம்மவர்களில் யார் யார் கொரோனா தொற்றில் போனார்கள் என்று தேடி, பெயர், வயது, ஊர் குறித்துப் பட்டியலாகப் போடுவேன். அரசாங்கம் எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும். துக்கத்துக்கும் போக முடியாத சனத்துக்குப் பெயராவது தெரிய வேண்டாமா? "பிரேமலாக்கா, இன்னிக்கு யாரு?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எழுபத்தோராவது பெயர் சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரர் காளியப்பன். அவருடைய முகநூல் பக்கத்தில் மீசையை முறுக்கிய அவர் படம், "எல்லாம் முடிந்தது" என்று ஒரே வரி. யாரோ ஒருவர் தொடங்கிவைக்க, கீழே தொண்ணூறு பேர் "தங்கமான மனுசன், அண்ணன் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுதியிருந்தார்கள். செத்தவர் எப்படி எழுதுவார் என்று கேட்பீர்கள். அப்பாவின் கணக்கிலிருந்தே பிள்ளைகள் சாவுச் செய்தி போடுவது அப்போது வழக்கம். நானும் யோசிக்காமல் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் ஃபோன் வந்தது.

"தங்கச்சி, காளியப்பன் பேசறேன்."

"எந்தக் காளியப்பன்?"

"நீங்க லிஸ்ட்ல போட்டீங்களே, அந்தக் காளியப்பன்தான் லா."

"அலமாக்!" தேநீர் மடியில் கொட்டிவிட்டது. பத்து முறையாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

அவர் சிரித்தார். "பரவால்ல. நான் இவ்ளோ நல்லவன்னு எனக்கே தெரியாம போச்சு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதைவிடச் சந்தோஷம் வந்தது. ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை முதல் தடவையாக இறங்கப் போகிறதே!

"இப்பவே எடுத்துடறேண்ணே. எழுபதுன்னு மாத்திடறேன்."

"என் பேர எடுங்க. எண்ணிக்கைய மாத்தாதீங்க தங்கச்சி." என்றார். "போனது என் சம்சாரம். நான் குவாரன்டின்ல கெடந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்தே கொண்டு போயிட்டாங்க, மொகத்தகூட பாக்கல. தொண்ணூறு பேர் எழுதினாங்க, ஒருத்தரும் அவ பேர எழுதல. நீங்களாவது எழுதுங்க."

"பேர் சொல்லுங்கண்ணே."

"வெள்ளையம்மா. அம்பத்தாறு வயசு."

காளியப்பனை அழித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்தொன்று எழுபத்தொன்றாகவே இருந்தது.