நடுவர்களின் தலையெழுத்து

அக்ரா கடற்கரையோரப் புக்கோமில் குத்துச்சண்டை நடுவர்கள் தாளில் எழுதும் புள்ளிகள், ஹர்மட்டான் பாலைக்காற்றின் தூசி அடங்கியிருந்த ஒரு சனிக்கிழமையிலிருந்து அவர்களுடைய நெற்றியிலும் தெரிய ஆரம்பித்தன. வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து விரலால் எழுதியது போல இருக்கும். நடுவரின் இடது புருவத்துக்கு மேல் சிவப்பு மூலைக்காரனின் கணக்கு, வலது புருவத்துக்கு மேல் நீல மூலைக்காரனின் கணக்கு, சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். அன்றைக்கு மத்தி மீன் விலை பாதியாக இறங்கியிருந்ததால் ஊரில் அதுதான் பெரிய பேச்சாக இருந்தது. நடுவர்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். குத்துச்சண்டைச் சங்கம் ஆளுக்கொரு கம்பளித் தொப்பி வாங்கிக் கொடுத்தது, எண்கள் தொப்பிக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. மறுநாள் காலை சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் தாமாகவே மறைந்துபோயின.

அதற்கு முன்னால் எல்லாம் சண்டை முடிந்த பிறகுதான் புள்ளிகளை வாசிப்பார்கள். அந்த வாசிப்பில் அதிகம் அடி வாங்கியவன் அஷிட்டே. அவன் கைவேகத்துக்கு ஈடுகொடுக்க அக்ரா கடற்கரையிலேயே ஆள் கிடையாது, ஆனாலும் ஒரு சாம்பியன் பட்டைகூட வீடு வந்து சேரவில்லை. காரணம், மூலையில் நின்று அவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் மச்சான், மனைவியின் தம்பி லாம்ப்டே. நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது, அதுதான் ஆபத்து. இடைவேளைக்கு இடைவேளை "நீதான் மச்சான் முன்னாடி, சும்மா நடந்து முடிச்சிட்டு வா" என்பான், அதை மனசார நம்பியும் சொல்வான். அஷிட்டேயும் கடைசிச் சுற்றுகளில் காலைத் தேய்த்துக்கொண்டு சுற்றிவருவான். பிறகு தாளை வாசித்து எதிராளியின் கையைத் தூக்குவார்கள். பாவம், ஒருமுறை அவன் தன் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டான், அதைச் சொல்லிச் சொல்லி ஊர் இரண்டு வருஷம் சிரித்தது.

நெற்றி எழுத்து வந்ததும் அவன் பிழைத்துக்கொண்டான் என்று நினைக்க வேண்டாம். யார் முன்னணி என்று தெரிந்துபோனதால், முன்னணியில் இருப்பவன் ஓட ஆரம்பித்தான். கயிற்றோரமாகவே ஓடி ஓடிச் சண்டையை முடித்தார்கள். "காசக் குடுத்து ஓட்டப் பந்தயமாடி பாக்க வந்தோம்? மறைச்சு எழுதுனாதான் மனுஷன் அடிப்பான்" என்று பாதி மீன்காரிகள் கொதித்தார்கள். அஷிட்டேயின் மனைவி ஒடார்லே, பொரித்த மீனும் புளித்த சோளமாவில் அவித்த கெங்கேயும் விற்பவள், விடவில்லை. "மறைச்சு எழுதுனப்ப என்னென்ன எழுதுனானுங்கன்னு எனக்குத் தெரியாதா? என் புருஷன் வயித்துல அடிச்சானுங்கடி. தொறந்தே கெடக்கட்டும்." இந்தப் பேச்சில் சந்தை இரண்டாகப் பிரிந்து, ஒருத்தி கடையில் இன்னொருத்தி மிளகாய் வாங்குவதுகூட நின்றுபோனது.

அந்த நிலையில்தான் அஷிட்டேக்குச் சாம்பியன் பட்டத்துக்கான சண்டை வந்தது. அடுத்த வருஷம் வயதைக் காட்டி அவனை மேடையேற்ற மாட்டார்கள் என்பதால் அதுவே கடைசி. எதிராளி டாகோ, சங்கத்தின் செல்லப்பிள்ளை. தேதி குறித்தவர்கள் வெளியூர்க்காரர்கள், ஹோமோவோ பண்டிகைக்கு முன்னால் தெய்வங்கள் அமைதி கேட்கும் மாதத்தில் குறித்துத் தொலைத்தார்கள். அந்த மாதத்தில் முரசில்லை, கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. சீட்டெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு விஷயம் ஊர்ப் பெரியவர்களிடம் போனது. சண்டை நடக்கட்டும், சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம் என்று தீர்ப்பாயிற்று. மணிக்குப் பதில் துண்டை வீசினார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கையுறை சதையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அஷிட்டே சிவப்பு மூலை. அடித்ததெல்லாம் அவன்தான், ஆனால் இரண்டு நடுவர்களின் நெற்றியில் டாகோவின் கணக்கு கூச்சநாச்சமில்லாமல் ஏறிக்கொண்டே போனது. அஷிட்டேக்கு இடது கண் மூடிவிட்டது, வலது கண்ணில் எண்களெல்லாம் கொசுக்கூட்டம். லாம்ப்டேக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அவன் நடுவரின் இடதைத் தன் இடதென்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிப் படித்தான். கடைசிச் சுற்றுக்கு முன்னால் காதருகே குனிந்து, "நீதான் மச்சான் முன்னாடி" என்று கிசுகிசுத்தான்.

முன்வரிசையில் இருந்த ஒடார்லே நெற்றி எண்களைச் சரியாகவே படித்தாள், தம்பியின் உதடசைவையும். கத்தினால் சண்டை நின்றுவிடும், கத்தாவிட்டால் இந்த மனுஷன் நடந்தே தோற்பான். அவள் எழுந்து நின்றாள். மேல்துணியை அவிழ்த்து இடுப்பைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள். புக்கோமில் ஒரு பெண் துணியை இறுக்கினால் பேச்சு முடிந்தது, இனி அடிதான் என்று அர்த்தம். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்து இறுக்கினாள். பிறகு வரிசை வரிசையாக எல்லாப் பெண்களும் எழுந்தார்கள், புள்ளியை மறைக்கச் சொன்னவர்களும்தான்.

"டேய் மச்சான், ஒங்கக்கா ஏன்டா துணிய இறுக்குறா?"

"குளிருதோ என்னவோ."

"நாள் பூரா அடுப்புல நிக்கறவளுக்கா?"

துண்டு வீசியதும் அஷிட்டே நடக்கவில்லை. டாகோ கயிற்றோரமாக ஓடினான், அஷிட்டே குறுக்கே புகுந்து வழியை அடைத்தான். விலாவுக்குக் கீழே ஓர் இடதுகைக் குத்து விட்டான், குனிந்த தாடையில் ஒரு வலதுகைக் குத்து. டாகோ உட்கார்ந்து, அப்புறம் படுத்துவிட்டான். மேடையில் நின்ற மத்தியஸ்தர் விரல்களை விரித்தே பத்து எண்ணினார். மூன்று நடுவர்களின் நெற்றி எண்களும் காய்ந்த களிமண்ணாக உதிர்ந்து தாளில் கொட்டின.

அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. வந்த கூச்சலை ஒவ்வொருவரும் அப்படியே விழுங்கி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதன் பிறகு ஊரே கன்னம் உப்பித்தான் திரிந்தது. ஒடார்லே தலையாட்டியே வியாபாரம் செய்தாள். சிலருக்கு உள்ளே அடைத்த கூச்சலில் உடம்பு லேசாகி, பாதம் தரையைவிட்டு விரற்கடை எழும்பியது. மீனவர்கள் அவர்களைப் படகில் கட்டிவைத்தார்கள். அஷிட்டேக்குத்தான் சங்கடம். சாம்பியன் பட்டை சுவரில் தொங்கியது, ஆனால் ஜெயித்தாய் என்று யாரும் சொல்லி அவன் காதால் கேட்கவில்லை. இதிலும் ஏதாவது தாளை வாசிப்பார்களோ என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

தடை நீங்கும் நாளில் ஊர் மன்னர் முரசைத் தொட்டார். புக்கோமின் வாய் மொத்தமாகத் திறந்தது. ஜன்னல் கண்ணாடிகள் தெறித்தன, துடுப்புப் போடாமலே படகுகள் கடலுக்குள் போயின, பக்கத்து ஊர் தேமாவில் தூங்கிக்கொண்டிருந்த டாகோ எழுந்து உட்கார்ந்து கைதட்டினான். லாம்ப்டேயின் கூச்சல் வழக்கம்போல் "நீதான் மச்சான் முன்னாடி" என்றே வந்தது, இந்த முறை அது சரியாக இருந்தது. எல்லோருக்கும் கடைசியில் ஒடார்லேயின் குரல் வந்தது: "யோவ், ஜெயிச்சிட்டய்யா!" அஷிட்டே வாய்விட்டு அழுதான். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.