அண்ணன் கட்டிய வீடுகள்

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிய அன்றே, வீட்டை அண்ணன் தேவசகாயம்தான் கட்டுவார் என்று சாராள் முடிவு செய்துவிட்டாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? செய்யூர்ப் பக்கம் வயல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா படுத்த படுக்கையானபோது, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கல் சுமக்கப் போனவர் அண்ணன். அந்தக் கூலியில்தான் சாராள் நர்சிங் படித்தாள். இன்று செங்கல்பட்டில் அரசு மருத்துவமனை நர்ஸ். அண்ணனும் சித்தாளாக இருந்து, கொத்தனாராகி, இப்போது சொந்தமாக வீடு எடுத்துக் கட்டும் மேஸ்திரி.

கணவன் கலைவாணன்தான் தயங்கினான். பொத்தேரியில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவன். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டான்.

“வேற ஆளா இருந்தா இன்னா பண்ணுவ? அவன் கட்டின வூட்டை நாலு பேர்கிட்ட விசாரிப்ப இல்ல? மச்சானுக்கும் அதையே பண்ணு. நல்லா இருந்திச்சின்னா நானே போய் வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறேன்.”

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. விடுமுறை நாளில் மாமல்லபுரம் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு மீனவர் குப்பம். அண்ணன் நாலு வருஷத்துக்கு முன் செல்போனில் பெருமையாகக் காட்டிய மாயவன் வீடு அங்கேதான் இருந்தது.

மாயவன் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சம்பூர்ணம் மட்டும் இருந்தாள். “வீடு கட்டப் போறோம். இந்த மேஸ்திரி எப்பிடின்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள் சாராள். யாருடைய தங்கை என்று சொல்லவில்லை.

சம்பூர்ணம் அவளை உள்ளே கூட்டிப்போய் மேலே காட்டினாள். சீலிங்கில் ஒரு பாய் அகலத்துக்குக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன.

“மத்தியானம் படுத்துகினு இருந்தேம்மா. அப்பிடியே பேந்து வுழுந்திச்சி. தலையில வுழுந்திருந்தா போய்ச் சேந்திருப்பேன். கையோட போச்சி.”

சாராளின் பார்வை அதற்கு முன்பே அந்தக் கைக்குப் போயிருந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. மடக்கச் சொல்லிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“மேஸ்திரிகிட்ட சொன்னீங்களா?”

“வந்தாரே. இந்தக் கையப் புடிச்சிகினு அழுதாரு. சரி பண்ணித் தரேன்னாரு. அப்பால போன எடுக்கல. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேம்மா. யாரு இன்னா கேட்டாலும் முடியும்னு தலையாட்டிடறாரு. அப்பால முடியாம கம்பியில கொறைக்கிறாரு, சிமெண்ட்ல கொறைக்கிறாரு. கடக்கரை மண்ணையே அள்ளிக் கலந்துட்டாரு. உப்பு கம்பியத் தின்னுடிச்சி.” சாராளைப் பார்த்துக் கேட்டாள்: “உனுக்குப் புள்ளைங்க கீறாங்களா?”

“ரெண்டு பேரு.”

“அப்ப வேற ஆளப் பாரும்மா.”

நான் அவர் தங்கை என்று சொல்ல சாராள் வாயெடுத்தாள். ஆனால், கையைக் காட்ட மருத்துவமனைக்கு வந்து தன்னைக் கேட்கும்படி மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து அண்ணன் வந்தார். கையில் அவரே ஸ்கேல் வைத்துப் போட்ட பிளான். “இது உன் பசங்க ரூமு சாரா. காத்து அப்பிடியே வரும்” என்று விரித்தார்.

“மாயவன் வூட்டுக்குப் போயிருந்தேண்ணா.”

அண்ணனின் விரல் காகிதத்திலேயே நின்றது. “அந்தம்மா கை எப்பிடி கீது?” என்றார்.

“சரியா சேரல.”

“உனுக்கும் அப்பிடிக் கட்டுவேன்னு நெனச்சியா?”

“புள்ளைங்க படுக்கற எடம்ணா” என்றாள்.

அவர் பிளானைச் சுருட்டினார். “யாருக்குக் குடுக்கப் போற?”

“ராஜாராம்னு ஒருத்தரு. அவரு கட்டின மூணு வூட்டைப் பாத்தோம்.”

“நல்ல ஆளுதான். கம்பி, சிமெண்ட்ல கை வெக்க மாட்டான்” என்றவர், சாப்பிடாமலே வண்டியை எடுத்தார்.

அதன்பின் அவர் வரவில்லை. எட்டு மாதத்தில் வீடு எழுந்தது. இடையில் ஒருநாள் சம்பூர்ணம் மருத்துவமனைக்கு வந்தபோது, மேஸ்திரி தானே வந்து சீலிங்கை உடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னாள். அண்ணன் வீடு எடுத்துக் கட்டுவதையே விட்டுவிட்டு, ஒரு கம்பெனியின் கட்டடத்தில் தினக்கூலிக்குக் கொத்து வேலை பார்ப்பது அண்ணி சொல்லித்தான் தெரிந்தது.

புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்துக்கு முதல் நாள் காலை சாராள் தரை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு அறையாகப் போனார். பிள்ளைகளின் அறையில் நின்று சீலிங்கையே பார்த்தார்.

“நல்லா கட்டிக்கீறான்.”

“நாளைக்கி நீதாண்ணா ரிப்பன் வெட்டணும்.”

“கட்டினவன் வெட்டட்டும் சாரா. அதான் மொற.”

மறுநாள் அண்ணியும் பிள்ளைகளும் வந்தார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி. பாஸ்டர் ஜெபம் செய்ய, ராஜாராம் ரிப்பன் வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். சாராள் அடுக்களைக்குள் போய் அண்ணனுக்கென்று தனியே பிரியாணி எடுத்துக் கட்டினாள். அண்ணி கையில் கொடுத்து, “அன்னிக்கி சாப்புடாமலே போயிட்டாரு. இதையாவது சாப்புடச் சொல்லுங்க அண்ணி” என்றாள்.