கத்தி பட்ட இடம்

செம்பாக்கம் ஏரிக்குப் போகும் தெருவில் முந்தின நாள் போன கரண்ட் இன்னும் வரவில்லை. மண்ணுக்கடியில் கேபிள் ஜாயிண்ட் வெடித்திருந்தது. போன வாரம் அதே இடத்தில் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர் வேதாசலம். தெருவுக்கு அது போதும், ஆளைப் பிடித்துக்கொண்டது.

"கேபிளைத் தொடவே இல்ல சார்," என்று அவர் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப தானா வெடிச்சுதா?" என்றார் அசோசியேஷன் செயலாளர் பத்ரிநாராயணன். மின்வாரிய உதவிப் பொறியாளர் ஸ்ரீவித்யா அறிக்கைத் தாளும் கையுமாக நின்றாள். அதில் பெயர் ஏறிவிட்டால் வேதாசலத்துக்கு இந்தப் பக்கம் இனி வேலை கிடையாது.

பள்ளத்துக்குள் வாரியத்தின் ஜாயிண்ட் போடும் ஆள் எலியேசர், வெட்டியெடுத்த பழைய ஜாயிண்டைத் துடைத்தார். அதில் கட்டியிருந்த தகரப் பட்டையில் அவர் பெயரே இருந்தது, மூன்று வருஷத்துக்கு முந்தின தேதியோடு. தான் போடும் ஜாயிண்டுக்கெல்லாம் பெயர் பொறித்துக் கட்டுவது அவருக்கு ஒரு பெருமை.

மேல் தோலில் கடப்பாரை பட்ட கீறல்கூட இல்லை. பிளந்து பார்த்தார். கம்பியைச் சுற்றி வெள்ளை இன்சுலேஷன், அதன்மேல் மெல்லிய கறுப்புப் படலம். ஜாயிண்ட் போடும்போது கறுப்பை மட்டும் சீவியெடுக்க வேண்டும், கத்தி வெள்ளையில் படக் கூடாது. பட்டால் அந்த மயிரிழைக் கோட்டில் காற்று தங்கும், மின்சாரம் அங்கிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். கரி அப்படியொரு நேர்க்கோட்டிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

அன்றைக்கு அவசரத்தில், வெள்ளையில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்காமல் மூடியது ஞாபகம் வந்தது. பட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கரியை மட்டும் காட்டினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. முப்பது வருஷத்தில் எலியேசர் போட்ட ஜாயிண்ட் வெடித்தது என்று யாரும் சொன்னதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"மேடம், அவரை வுட்டுடுங்க. இது என் கத்தி பட்டதுதான்," என்றார்.

ஸ்ரீவித்யா பட்டையை வாங்கிப் படித்தாள், அறிக்கையில் எலியேசர் பெயரை எழுதினாள்.

"புதுசையும் இவரேவா போடப்போறார்?" என்றார் பத்ரிநாராயணன்.

"வேற ஆள் வர நாளைக்கு ஆயிடும் சார்," என்றாள் ஸ்ரீவித்யா.

எலியேசர் கத்திக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்பைச் சீவி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. மூடுவதற்கு முன் வேதாசலத்தைப் பள்ளத்துக்குள் கூப்பிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியை நீட்டினார்.

"அண்ணா, கையைத் தொடச்சிகினு மூணு கம்பியையும் நகத்தால தடவிப் பாரு. எங்கனா மாட்டுச்சின்னா சொல்லு, வெட்டிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

வேதாசலம் விரல் விரலாகத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையைச் சுற்றி நகத்தை ஓட்டினார். ஒரு சுற்று போதவில்லை, இன்னொரு சுற்றும் ஓட்டினார்.

"மாட்டல," என்றார். "மூடு."