முப்பதாவது அலை

ஹால்யா புரோகோப்சுக் அந்தக் கணினி விளையாட்டுப் போட்டிக்கு வந்ததே இன்னொருத்தருக்குப் பதிலாகத்தான். நாலு பேர் அணியில் நாலாவது ஆளுக்கு வியாழக்கிழமை குடல்வால் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டார்கள். போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் ஹால்யாவின் நாத்தனார் ரொக்சானா போன் போட்டாள். அவள் மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிறவள். பேச்சும் அதே வேகத்தில்தான் வரும்.

"அண்ணி, நாளைக்கு டூட்டி இருக்கா?"

"இல்ல. ஏன்?"

"எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது. நீங்க வந்தே ஆகணும்."

"நானா? நான் சுட்டா வேத்துகிரகத்துக்காரன் மேல படாது. உன் முதுகுலதான் படும்."

"படட்டும். என் முதுகு அகலம்தான். கெளம்பி வாங்க."

ஹால்யாவுக்கு வயது நாற்பத்தொன்று. பதினாறு வருடமாக அவசர உதவி எண்ணில் வேலை. கனடாவின் யார்க்டனைச் சுற்றி நூறு மைலுக்குள் எந்த வீடு பற்றினாலும், எந்த டிராக்டர் கவிழ்ந்தாலும், முதலில் கேட்கிற குரல் அவளுடையதாகவோ அவளோடு வேலை பார்க்கிற இன்னும் இரண்டு பெண்களுடையதாகவோ இருக்கும். போட்டிக்கு வைத்திருந்த 'சாம்பல் மழை' ஆட்டத்தை வீட்டில் கணவனின் கணினியில் ஆடுவாள். ஆனால் எளிதான படியில், நிதானமாக, பக்கத்தில் தேநீரை வைத்துக்கொண்டு. போட்டியில் ஆடுகிறவர்கள் அப்படி ஆடுவதில்லை.

போட்டி நடந்தது ஐஸ்மேல் கல் தள்ளி ஆடுகிற ஊர் கர்லிங் அரங்கத்தில். குளிர்காலம் போய் ஐஸை எடுத்துவிட்டதால் வெறும் சிமென்ட் தரை. அதில் மடக்கு மேசைகளை வரிசையாகப் போட்டு, நாற்பத்தெட்டுக் கணினிகளை வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பெரிய பெட்டித் திரைகள். வாசலில் தேவாலயத்துப் பெண்கள் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகியை வெங்காயம் வதக்கிப் போட்டு விற்றார்கள்.

அணித்தலைவன் டேரல் லோஜின்ஸ்கி அறுவடை இயந்திரங்கள் பழுது பார்க்கிறவன். முப்பத்திரண்டு வயது, மின்னல் கை. ஹால்யாவைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. மறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சுடவே வேணாம். தோட்டாப் பெட்டியும் மருந்துப் பெட்டியும் எடுத்துக்கிட்டு எங்க பின்னாடியே ஓடி வந்தாப் போதும்."

"கூலி வேலை. சரி."

"அதுவும் முக்கியமான வேலைதான்," என்றான் டேரல்.

"தம்பி, ரொம்ப மெனக்கெடாதே. எனக்குப் புரியுது."

மூன்றாவது ஆள் டெஸ்மண்ட் கார்டினல் சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தவர். "வாம்மா, என் பக்கத்துல உக்காரு. இவன் கத்துற கத்துக்கு எனக்கு ஒரு காது ஏற்கனவே போச்சு."

ஆட்டத்தின் விதி எளியது. குன்றின்மேல் ஒரு ராடார் நிலையம். நாலு பேர் அதைக் காக்க வேண்டும். வானத்திலிருந்து வந்தவர்கள் அலை அலையாகத் தாக்குவார்கள். மொத்தம் முப்பது அலை. ஓர் அலையில் செத்தவன் அது முடியும்வரை உட்கார்ந்து பார்க்கலாம், பேசலாம், சுட முடியாது. அடுத்த அலையில் எழுந்துவிடுவான். நாலு பேரும் செத்தால் கதை முடிந்தது. பன்னிரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் தனித்தனியாக இதையே ஆடும். கடைசிவரை தாங்குகிற அணிக்கு வெற்றி. போட்டியில் வைத்திருந்த கடினமான படியில் இருபத்தாறாவது அலையைத் தாண்டியவர்கள் அந்த மாகாணத்திலேயே இல்லை என்று பேச்சு. தலைநகர் ரெஜைனாவிலிருந்து கறுப்புச் சட்டை போட்டு வந்த அணி இந்த முறை தாண்டிவிடும் என்றும் பேச்சு.

மதியம் ஒரு மணிக்கு மணி அடித்தார்கள்.

முதல் பத்து அலை டேரலின் கைவேகத்திலேயே போயிற்று. தரையில் ஊர்ந்து வருகிறவற்றை நண்டு என்பார்கள், பறப்பவை வவ்வால், சுவரை முட்டி உடைக்க வருவது எருமை. டேரல் எல்லாவற்றையும் சுட்டான். பிறர் பங்கையும் சேர்த்துச் சுட்டான். ஹால்யா பெட்டி தூக்கினாள். பதினான்காவது அலையில் நாலு பக்கமும் ஒன்றாக வந்து விழுந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. காதுக்கருவியில் மூன்று குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

"வடக்கு! வடக்கு! யாராவது வாங்க!"

"மருந்து! எனக்கு மருந்து!"

"என் பக்கம் எருமை வருதுடா, எவன்டா கத்துறது, ஒண்ணுமே கேக்கல!"

யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உயிர் பிழைத்ததே பெரிய காரியம். பதினேழில் டேரல் செத்தான். கையை மேசையில் குத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மற்ற இருவரும் இன்னும் கூடுதலாகக் கத்தினார்கள்.

ஹால்யா யோசித்துச் செய்யவில்லை. வேலையில் காதுக்குள் எதிர்முனை அலறினால் அவள் குரல் தானாகத் தாழும். இப்போதும் தாழ்ந்தது.

"டெஸ்மண்ட் அண்ணே. நீங்க மட்டும் பேசுங்க. எங்க இருக்கீங்க?"

"கிழக்குச் சுவர்!"

"எத்தனை வருது?"

"ஆறு. ஆறு நண்டு."

"அடி பட்டிருக்கா?"

"பாதி உயிர்தான் மிச்சம்."

"சரி. சுவரை விட்டுட்டு படிக்கட்டுக்கு வாங்க. மருந்தோட நான் அங்க நிக்கிறேன். ரொக்சானா, அண்ணன் இறங்கற வரைக்கும் கிழக்கைப் பாத்துக்க. உன்னோட எருமை வந்து சேர எட்டு செகண்ட் ஆகும்."

"எட்டுன்னு யாரு சொன்னா?"

"முன்னாடி வந்த மூணும் எட்டுதான் எடுத்துச்சு. திரும்பு."

ரொக்சானா திரும்பினாள். கிழக்கை ஒழித்துவிட்டு மறுபடி திரும்பியபோது எருமை அப்போதுதான் சுவரருகே வந்தது. பதினேழாவது அலை தாண்டியது. பிறகு வந்த மூன்று அலையிலும் டேரல் கத்தவில்லை. பேசவே இல்லை என்றே சொல்லலாம்.

இருபது முடிந்ததும் பத்து நிமிடம் இடைவேளை. அதற்குள் ஏழு அணிகள் விழுந்திருந்தன. ரொக்சானா மற்றவர்களுக்குப் பெரோகி வாங்கி வந்து வைத்துவிட்டு, தனக்கு வாங்க மறுபடி போனாள். டேரல் தட்டிலிருந்த எதையும் தொடாமல் ஹால்யாவையே பார்த்தான்.

"அக்கா, நீங்க அவசர போன்லயா வேலை பாக்குறீங்க?"

"ரொக்சானா சொல்லலையா?"

"இல்ல. போன மார்ச்சுல எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி. பண்ணை வீட்ல நானும் அவரும் மட்டும்தான். வெளியில பனிக்காத்து, ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். ஒரு அம்மா போன்லயே இருந்தாங்க. ஒவ்வொண்ணா கேட்டாங்க. ஒவ்வொண்ணா சொன்னாங்க. இதே மாதிரி குரல்."

ஹால்யாவுக்கு அந்த இரவு நினைவிருந்தது. ஒரு நாய் நிறுத்தாமல் குரைத்ததும், மகன்காரன் எண்ணிக்கொண்டே அப்பாவின் நெஞ்சை அழுத்தியதும், வண்டி வந்ததும் போன் டக்கென்று அறுந்ததும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. எந்த அழைப்பிலும் தெரியாது. அந்த வேலை அப்படி. வாயைத் திறந்து சொல்லவும் கூடாது.

"அங்க நாங்க மூணு பேர் இருக்கோம், தம்பி," என்றாள். பிறகு கேட்டாள்: "அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன? நேத்து டாக்டர் பேச்சைக் கேக்காம கொட்டகைக் கூரையில ஏறி நிக்கிறாரு. இறங்குய்யான்னா திட்டுறாரு."

ஹால்யா தட்டைக் கீழே வைத்தாள். சட்டென்று எழுந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். கண்ணாடியில் தன் முகம் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

டேரல் தன் நாற்காலியை அவளுக்காக நகர்த்திப் போட்டிருந்தான். "இனிமே நீங்க சொல்லுங்க, அக்கா. நாங்க கேக்குறோம். பெட்டியை நான்கூட தூக்குறேன்."

"நீ தூக்கினா சுடறது யாரு? வடக்கு வாசலுக்குப் போ. நான் கேட்டா மட்டும் பேசு."

"சரிங்க."

"பாருடா, 'சரிங்க'ங்கிறான்!" ரொக்சானாவுக்கு வாயில் இருந்த பெரோகி புரையேறியது.

இருபத்தொன்றிலிருந்து அந்த மேசையில் சத்தமே இல்லை. ஹால்யா பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும்: எங்கே, எத்தனை, அடி உண்டா. அவ்வளவுதான். எந்தப் பக்கம் எப்போது உடையும் என்று அவள் தலைக்குள் ஒரு வரைபடம் ஓடியது. பதினாறு வருடமாக ஓடுகிற வரைபடம். தெற்கு உடையப் போகிறது என்றால் உடைவதற்கு முன்பே டெஸ்மண்டை அங்கே நிறுத்தினாள். அவர் கோல் காத்த காலத்தைப் போலவே கொஞ்சமும் அசையாமல் நின்றார். டேரலின் கை இன்னும் வேகமாயிற்று. யாரைப் பற்றியும் கவலைப்படாமல் எதிரில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும் என்றாகிவிட்டது அவனுக்கு.

இருபத்தாறைத் தாண்டினார்கள். இருபத்தேழில் அரங்கத்தின் அந்தக் கோடியில் ஒரு பெருமூச்சு எழுந்தது: இவர்களைத் தவிர மிஞ்சியிருந்த ஒரே அணியான ரெஜைனா அணி விழுந்துவிட்டது. அப்போதே வெற்றி இவர்களுடையதுதான். நடத்துகிறவர் ஓடி வந்து, "ஜெயிச்சுட்டீங்க! நிறுத்திக்கலாம்!" என்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றார் டெஸ்மண்ட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் முடியல."

தோற்ற அணிகள் எல்லாம் எழுந்து வந்து பின்னால் கூடின. பெரோகிப் பெண்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

முப்பதாவது அலையில் வானமே மறைந்தது. குன்று முழுவதற்கும் நிழல் விழும்படி தாய்க்கப்பல் இறங்கியது. அதை வீழ்த்த ஒரே வழிதான் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கோபுரத்தின்மேல் ஏறி, ஒரு கருவியின் சிவப்பு ஒளியைக் கப்பலின் அடிவயிற்றில் முப்பது விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஏவுகணைகள் வரும். கை நழுவினால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

டேரல் ஏறினான். பாதிப் படியில் வவ்வால் கூட்டம் அவனை அடித்துத் தள்ளியது. செத்தான். கோபுர அடியை மறித்து நின்ற டெஸ்மண்ட் மூன்று எருமையைச் சாய்த்துவிட்டு நாலாவதிடம் விழுந்தார். மிச்சம் இரண்டு பெண்கள்.

"அண்ணி, நீங்க மேல போங்க."

"எனக்கு வேகம் பத்தாதுடி."

"வேகம் யாருக்கு வேணும்? ஆடாம பிடிக்கணும், அவ்ளோதான். ஏறுங்க, கீழ நான் இருக்கேன்!"

ஹால்யா ஏறினாள். ஒளியைக் கப்பலின் வயிற்றில் வைத்தாள். திரையில் எண் ஓடத் தொடங்கியது. பத்து, பதினைந்து. பத்தொன்பதில் ஏதோ பின்னாலிருந்து அடித்தது. ஒளி நழுவி வானத்தில் போயிற்று. கூட்டம் "அய்யோ" என்றது. எண் ஒன்றுக்குத் திரும்பியது. அவள் உயிர் கால்வாசிக்கும் குறைவு. மருந்து இல்லை. மருந்து சுமக்கிறவள் அவள்தான், இருந்ததையெல்லாம் பிறருக்குக் கொடுத்து முடித்திருந்தாள்.

"அக்கா." காதுக்குள் டேரலின் குரல், தாழ்ந்து, நிதானமாக. செத்துக் கிடந்த இடத்திலிருந்து அவனுக்குக் கோபுரம் முழுவதும் தெரிந்தது. "நான் மட்டும் பேசுறேன். உங்களுக்குப் பின்னாடி ரெண்டு வவ்வால். திரும்பாதீங்க. ரொக்சானா, கோபுரத்துக்கு இடது பக்கம், மேல. சுடு."

"விழுந்துச்சு."

"இன்னொண்ணு."

"விழுந்துச்சு!"

"அக்கா, பிடிங்க. எதுவும் வரல. உங்க கிட்ட எதுவும் வரல."

ஹால்யா மறுபடி ஒளியை வைத்தாள். மூச்சை மெல்ல விட்டாள். பதினொன்று. பதினெட்டு. கீழே ரொக்சானா தோட்டா தீர்ந்து கத்தியை எடுத்துக்கொண்டு நண்டுகளை வெட்டினாள், கடையில் வெட்டுகிற அதே ஒழுங்கோடு. இருபத்திரண்டு. "ஒரு எருமை படிக்கு வந்துருச்சு," என்றான் டேரல், குரல் மாறாமல். "எட்டு செகண்ட் ஆகும். உங்களுக்கு எட்டுதான் வேணும்."

இருபத்தாறு. இருபத்தேழு. படிகள் நொறுங்கும் சத்தம். அவள் திரும்பவில்லை.

முப்பது.

திரை வெளுத்தது. எங்கிருந்தோ நாலைந்து தீக்கோடுகள் குன்றைத் தாண்டிப் போய்க் கப்பலின் வயிற்றில் சொருகின. அது உடனே விழவில்லை. முனகிக்கொண்டு, சாய்ந்து, கோதுமை வயல்களுக்கு அப்பால் மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் அமர்ந்து வெடித்தது. நிழல் விலகி வெயில் வந்தது. அங்கிருந்த ஒருவரும் அதுவரை பார்த்திராத காட்சி அது. அரங்கமே மூச்சு விடாமல் பார்த்தது. பிறகு கூரை அதிர்ந்தது.

டேரல் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்தான். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி எறிந்தார். அது யாருடைய பெரோகித் தட்டிலோ போய் விழுந்தது. ரொக்சானா அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஹால்யாவுக்குத் தன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருவது தெரிந்தது. பதினாறு வருடமாக மற்றவர்கள் கத்தக் கேட்டவள், வாய் நிறையக் கத்தினாள். ஒரு முறை போதவில்லை. மறுபடியும் கத்தினாள்.

கூட்டம் அடங்கியதும் ரெஜைனா அணியின் தலைவி, மூக்கில் வளையம் போட்ட ஒல்லிப் பெண், வந்து கை குலுக்கினாள். "நாங்க ஏழு மாசமா தினமும் ஆடுறோம். நீங்க எவ்ளோ நாளா, அக்கா?"

"போட்டியிலயா? இன்னிக்கு மத்தியானத்துலேருந்து."

அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள். "எங்க டீமுக்கு ஒரு ஆட்டம் சொல்லித் தருவீங்களா? இப்பவே. ப்ளீஸ்."

மணி ஐந்துகூட ஆகவில்லை. மேலே சன்னல் வழியாக வெயில் சிமென்ட் தரையில் நீளமாகக் கிடந்தது. ஹால்யா ரொக்சானாவைப் பார்த்தாள். ரொக்சானா தோளைக் குலுக்கினாள்.

"அண்ணனுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன், அண்ணி. ராத்திரிச் சாப்பாட்டை அவனே பாத்துக்கட்டும்."

ஹால்யா கறுப்புச் சட்டைக்காரர்களின் மேசைக்கு நடந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

"சரி," என்றாள். "ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்க."