விளக்கடியில் வளர்ந்த வாழை

கணவன் எலெக்ட்ரீஷியன். தெருவில் எல்லாரும் அவனை ஒயர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி பின்னறையில் மெஷின் போட்டுத் துணி தைத்தாள். மாடியில் அவனுடைய அக்கா, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். வீட்டுக்குப் பின்னால் அக்கா நட்ட இரண்டு வாழைகள் நின்றன. ஒன்று தையலறை ஜன்னலுக்கு நேராக, மற்றது மாடிப்படிக்கு அப்பால்.

ஒயருக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. குளிர்காலம் முடியும்போது கிளம்ப வேண்டும். மனைவி வாழைப்பூ விரிந்து பார்த்ததே இல்லை; ஒவ்வொரு குருத்து பிரியும்போதும் தைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பாள். அவளோடு சேர்ந்து அந்தப் பூவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை.

"எப்பக்கா குலை தள்ளும்?"

"கோடையிலதான். பகல் நீளமா இருந்தா வாழை சீக்கிரம் பூவுக்குத் தயாராகும். இப்பப் பகல் சுருங்குதில்ல. அதோட குளிரும் வந்துட்டா..."

மிச்சத்தைக் கேட்க அவன் அங்கே இல்லை. அன்று மாலையே ஜன்னலோர வாழைக்கு மேலே விளக்கு தொங்கியது.

"மரத்துக்கு ஓவர்டைம் குடுக்குறியாடா?" என்று மாடியிலிருந்து அக்கா கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குத் தாமதமானது. வெளியே இருட்டிய பின்னும் இலைகளுக்குள் பச்சையாக ஒரு பகல் மிச்சமிருந்தது. தைக்கும் துணியில் இலை நிழல் நீந்தியது. தண்டுக்குள்ளே, யாரும் காணாத ஆழத்தில், பூ ஒன்று கண்மூடியபடி மெல்ல மேலேறி வருவதாக அவள் நினைத்துக்கொள்வாள். சில சமயம் தையல் கோணிப் போகும். பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள்.

கடுங்குளிரில் ஒரு சின்ன இலை வந்தது. பூவுக்கு முன்னால் வரும் கடைசி இலை அதுதான் என்றாள் அக்கா. ஒயருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. தண்டின் கழுத்து மட்டும் நாளுக்கு நாள் புடைத்தது.

அக்கா தடவிப் பார்த்தாள். "தொண்டையில சிக்கிருச்சு. வெளிச்சம் பூவை உருவாக்கிருச்சு, ஆனா அது வெளிய வரக் கதகதப்பு வேணும். அதைத்தான் அன்னிக்கு சொல்ல வந்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கல."

ஒயர் விளக்கைக் கழற்றினான். "சும்மா இருந்ததைக் கெடுத்துட்டேன்" என்று மனைவியிடம் மட்டும் சொன்னான்.

அவள் அன்று மதியம் முழுவதும் வாழையருகிலேயே இருந்தாள். புடைப்பில் உள்ளங்கையை வைத்தால் சட்டைக்குள் முழங்கை மாட்டிக்கொண்ட குழந்தை போல இருந்தது. கழுத்து இறுக்கமான சட்டையை என்ன செய்வோம்?

"அண்ணி, மேல் மட்டையை மட்டும் கீறினா செத்துடுமா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"ஆழமா போகாம கீறு. உன் கைக்குத் தெரியும்."

பிளேடை எடுத்து மேலிருந்து கீழாக இழுத்தாள். ஒயர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீர் கசிந்தது. மட்டை விலகிய இடத்தில் ஊதாச் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது.

சில நாட்களில் பூ பக்கவாட்டில் பிதுங்கி, தலை சாய்த்துத் தொங்கியது. ஒரு காலையில் முதல் மடல் மேலெழுந்து விரிந்தது. உள்ளே வரிசையாக வெளிறிய பூக்கள், தூங்கி எழுந்த முகங்களைப் போல. இருவரும் குந்தியபடி பார்த்தார்கள். அவள் கை அவன் கைக்குள் ஜில்லென்று இருந்தது.

"கோணலா இருக்குல்ல" என்றான்.

"இருக்கட்டும். வந்துருச்சே."

அவன் கிளம்பிப் போனான். அந்தக் குலையில் காய்கள் விரல் தடிமனைத் தாண்டவில்லை. கோடையில், மாடிப்படிக்கு அப்பால் நின்ற வாழை யாருடைய உதவியும் இல்லாமல் நேராகக் குலை தள்ளியது. அக்காவும் அவளும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒயர் போனில் கூப்பிட்டபோது அவள் சொன்னாள்: "ரொம்ப அழகா இருக்கு. தேனீ வந்து மொய்க்குது. கொஞ்சம் இருங்க, சத்தம் கேக்குதான்னு பாருங்க." போனை அந்தப் பூவுக்குக் கீழே நீட்டிப் பிடித்தாள்.