ஓரகத்தியின் செல்கள்

வயிற்றெரிச்சல் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. பெரியவளுக்கு அன்று குடித்த தண்ணீர்கூட உள்ளே கொதித்தது.

ஆய்வுக்கூடத்துத் திரைக்கு முன்னால் நின்று சின்னவள் தன் முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை, ஓரகத்திதான், கொழுந்தன் மனைவி. வீட்டில் மாமியார் வாய்க்கு அவள் சர்க்கரை. அது போதாதென்று இங்கேயும் வந்து தொலைத்தாள். இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் பெரியவளேதான். சொந்தக் காசில் சூனியம்!

புற்றை அடக்கிவைக்கும் மரபணுக்கள் நம் உடம்பிலேயே உண்டு. பெருங்குடல் புற்று வந்தால் அவற்றில் சில, பூட்டுப் போட்டதுபோல் வாய்மூடிக் கிடக்கும். அந்தப் பூட்டை ஒரு மருந்து திறக்கிறதா என்று பார்ப்பதுதான் இருவர் வேலையும். பெரியவள் குடுவையில் குடல் புற்று செல்களை வளர்த்து, மூன்று வருஷம் அந்த மருந்தை ஊற்றிப் பார்த்தாள். பூட்டு அசையவில்லை. 'இது உதவாது' என்று கட்டுரையும் எழுதி, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நேற்று வந்த சின்னவளின் குடுவையிலோ பூட்டு திறந்து, புற்று வளர்வதே நின்றுபோயிருந்தது.

"பிரமாதம்மா!" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். அந்த வார்த்தையைப் பெரியவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள்.

"சார், அவ வளக்குறது நான் கொடுத்த செல். மருந்தும் அதே மருந்து. எனக்கு நடக்காதது அவளுக்கு மட்டும் எப்படி நடக்கும்? வேற ஏதோ கலந்திருக்கு. அது எந்த செல்லுன்னு பாக்குற அடையாளச் சோதனைக்கு அனுப்புங்க."

சின்னவள் முகம் வெளுத்தது. "வேணாம்க்கா. நாம அப்புறம் தனியாப் பேசிக்கலாமே."

மாட்டிக்கொண்டாள்! பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. "என்ன தனியா? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?"

"அப்போ ரெண்டு பேர் செல்லையும் அனுப்பிடலாம்" என்றார் தலைவர்.

"தாராளமா!"

முடிவு வரும்வரை பெரியவள் தரையில் நடக்கவில்லை. மாமியார் சின்னவளைப் புகழ்ந்தபோதும், "பாக்கத்தானே போறோம் அத்தை" என்று சிரித்தாள்.

முடிவு வந்ததும் தலைவர் இருவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"இவங்களோடது அசல் பெருங்குடல் செல்தான்" என்றவர், பெரியவளைப் பார்க்கத் தயங்கினார். "உங்களோடதுல குடல் செல் ஒண்ணுகூட இல்லம்மா. எப்பவோ வேற புற்று செல் கலந்து, அது வேகமா வளந்து, இதை அழிச்சிடுச்சு. கட்டுரையை அனுப்ப வேணாம்."

மூன்று வருஷம்! யார் வீட்டுப் பூட்டையோ ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் கொடுத்ததுதானே இவகிட்டயும் இருந்துது?" என்றாள் பெரியவள்.

"அது மைக்ராஸ்கோப்புல பாத்தப்பவே சரியில்லக்கா" என்றாள் சின்னவள். "குடல் செல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கும். இது சிதறிக் கிடந்துச்சு. சந்தேகமா இருந்துது. பழைய வேலை இடத்துலேருந்து வேற செல் வரவழைச்சேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேனே. 'எனக்கே பாடம் எடுக்குறியா'ன்னு விரட்டிட்டீங்க. அன்னைக்கும் எல்லார் முன்னாடியும் நீங்க தலைகுனியக் கூடாதுன்னுதான் தனியாப் பேசலாம்னேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்த பெரியவளுக்கு அழுகைதான் வந்தது.

"வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாம, ஏன்டி இப்படி நல்லவளா இருந்து தொலைக்கிற?"