பலராமன் சலூனும் சொந்தக் கருத்தும்

ஆரணியிலிருந்து சேவூர் போகும் ரோட்டில் பலராமன் சலூன் இருக்கிறது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து யாராவது தன் சொந்தக் கருத்து ஒன்றைச் சொன்னால், சொன்னவருக்கு அங்கேயே முடி வளரும். சின்னக் கருத்துக்கு நகக்கண் அளவு, கொஞ்சம் ஊறிய கருத்துக்கு விரற்கடை அளவு. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. கொரோனா அடைப்பு முடிந்து கடைகள் திறந்த வாரத்தில் இது தொடங்கியது. முதலில் வளர்ந்தது ஒரு டவுன் பஸ் கண்டக்டருக்கு. பாதித் தலை வெட்டியிருந்த நேரத்தில் அவர், "போன் பேசறவன் எல்லாம் ஏன் நடந்துகினே பேசறான் தெரியுமா? உக்காந்தா பொய் வராது" என்றார். வெட்டிய பாதி மறுபடியும் காதைத் தொட்டது. பலராமன் கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் எடுக்கும் நேரம் ஆகிவிட்டதால் அப்படியே கிளம்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பலராமனுக்கு ஒரே பேஜார். ஒருவர், "கல்யாண மண்டபத்துல நாம ஆசீர்வாதம் பண்றது கேமராக்காரன் முதுகைத்தான்" என்பார், பிடரி வளரும். இன்னொருவர், "வந்துகினே கீறேன்னா ஆளு வழியில இருக்கான்னு நம்பலாம். ஆன் த வேன்னு சொன்னா இன்னும் குளிக்கவே இல்லன்னு அர்த்தம்" என்பார், கிருதா இறங்கும். ஒரு தலையை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று முன்பே எழுதியிருந்த பலகைக்குக் கீழே, 'வெட்டி முடித்தபின் கருத்து சொல்லாதீர்' என்று அவரே சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தார். ஆனால் சேதி வெளியே போய்விட்டது. போளூரிலிருந்தும் வெம்பாக்கத்திலிருந்தும் வழுக்கைத் தலைகள் பஸ் ஏறி வந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்தபடியே திரும்பினார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைக் காலையிலிருந்து மத்தியானம் வரை படித்துக் காட்டிய ஒருவருக்கு ஒரு மயிர் அசையவில்லை. ஒரு கட்சிப் பேச்சாளர் நாட்டு நிலவரத்தைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினார். சவரம் செய்த தாடைகூட வழவழவென்றே இருந்தது. கடைசியில் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்கும்போது, "மேடையில போடற சால்வை ஒண்ணுகூடக் குளிருக்கு ஆவாது" என்று முணுமுணுத்தார். நெற்றிக்கு மேல் ஒரு கொத்து எழும்பி நின்றது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, அதை மேல்துண்டால் மூடிக்கொண்டு காரில் ஏறினார்.

அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தவன்தான் வெற்றிச்செல்வன். கடைவீதியில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துப் போடுகிற வேலை. முப்பத்தைந்து நெருங்குகிறது, தலை மத்தியில் பளபளக்கிறது. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில், அதுவரை பொருந்தியிருந்த ஜாதகம் இவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் பொருந்தாமல் போனது. ஆகவே நாலாவது இடமான போளூர் துர்காவுக்கு, அவன் அம்மா பூங்காவனம் பாலிடெக்னிக் காலத்துப் போட்டோ ஒன்றை அனுப்பிவிட்டாள். அதில் முடி சுருள் சுருளாக இருந்தது. துர்காவின் போட்டோவும் பதிலுக்கு வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து வெற்றிக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். இடையில் இரண்டு வாரம்தான் இருந்தது.

"பட்டுன்னா ஆரணிப் பட்டுதான்ணா" என்று நாற்காலியில் ஆரம்பித்தான். ஒன்றும் நடக்கவில்லை. "இந்தக் காலத்துப் பசங்க போனைப் பாத்துகினே கெட்டுப் போறாங்க." அதற்கும் இல்லை. "அது ஊரோடதுப்பா, உன்னுது எடு" என்றார் பலராமன்.

"என்னுதுன்னா?"

வெற்றி மேல் குற்றம் சொல்வது நியாயமில்லை. இது எனக்கு எடுப்பாக இருக்குமா என்று ஒரு அம்மாள் கேட்டால், "உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்குக்கா" என்பான். அதே சேலையைப் பக்கத்து அம்மாள் டல்லடிக்கிறது என்றால், "ஆமாங்கக்கா, கொஞ்சம் டல்லுதான்" என்பான். வயிற்றுப் பிழைப்பு அது. தேர்தல் வந்தால் இரண்டு கட்சி நோட்டீசையும் வாங்கி இரண்டு பேரிடமும் தலையாட்டுவான். குழம்பில் உப்பு எப்படி என்று பூங்காவனம் கேட்டால், "நீயே சொல்லும்மா" என்பான். இப்படியே இருந்ததில் தனக்கென்று என்ன இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. அது தெரியவில்லையே என்று இப்போதுதான் ஆச்சரியப்பட ஆரம்பித்தான். சாயங்காலங்களில் ஊரைச் சுற்றினான். பஸ் ஸ்டாண்டில் நின்று, இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். பவர்லூம் ஓடும் தெருவிலும், செல்பி எடுக்கும் கூட்டத்தின் நடுவிலும், பரோட்டாக் கடை வாசலிலும் நின்று கேட்டான். தன் வீட்டிலேயே பூட்டிக் கிடந்த அறையைத் தட்டுவது போல இருந்தது. உள்ளே யாரோ இருமும் சத்தம் மட்டும் கேட்டது, கதவு திறக்கவில்லை. செவ்வாய் தவிர தினமும் சலூனுக்குப் போய் உட்கார்ந்தான், தினமும் அதே தலையோடு வந்தான்.

பெண் பார்க்கும் ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம் பட்டுக்கடைக்குள் துர்காவே வந்துவிட்டாள். கூடவே அம்மணி என்கிற சித்தி, காவலுக்கு. வெற்றி அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். அவள் கண்டுகொண்டது போலக் காட்டிக்கொள்ளவில்லை. அரக்கு நிறத்தில் அகல ஜரிகை வைத்த சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "எப்படி இருக்குது?" என்று கேட்டாள். வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. என்ன ஆனதோ, அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வெளியே வந்தது.

"நல்லா இல்லீங்க. பார்டர்தான் முதல்ல வருது, நீங்க அப்புறமாத்தான் வர்றீங்க."

முதலாளியின் கால்குலேட்டர் நின்றது. துர்கா சேலையை மடித்து வைத்தாள். "சரி. போட்டோவுல இருந்த முடி எங்கங்க?"

"அது... பழைய போட்டோங்க."

"போளூர்ல ஸ்டூடியோவுல வேலை செய்யறவளுக்கே பழைய போட்டோவா? பாத்த அன்னைக்கே தெரியும். அதான் ஆளைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒரு உண்மை வெளியே வந்துவிட்ட பிறகு மற்றதை அடைத்து வைக்க அவனுக்குத் தெரியவில்லை. சலூன், கருத்து, இரண்டு வாரமாக அலைந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "எங்க, காட்டுங்க" என்றாள் துர்கா. "பொம்பளைங்க சலூனுக்குப் போறதாடி?" என்று சித்தி கேட்டு முடிப்பதற்குள் அவள் செருப்பு மாட்டியாகிவிட்டது.

சலூனில் வெற்றி உட்கார்ந்து, பார்டர் பற்றிச் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் திரும்பச் சொன்னான். எல்லோரும் அவன் தலையைப் பார்த்தார்கள். பலராமன் தொட்டுப் பார்த்தார். "ஆறிப்போச்சுப்பா. அங்கயே பேசித் தீத்துட்ட. சுடச்சுட இங்க வந்து சொல்லியிருக்கணும்."

"வாடி போலாம்" என்றாள் சித்தி. "ஞாயித்துக்கெழமை வர வேணாம்னு ஜல்தியா போன் போட்டுச் சொல்லிடலாம்."

"எனக்குச் சம்மதம் சித்தி."

"இவ பரிதாபத்துல சொல்றா" என்றாள் சித்தி பலராமனிடம். "இல்லன்னா, வயசு போயிடுச்சேன்னு இவங்கம்மா ஓதினதைச் சொல்றா."

வெற்றி கண்ணாடியில் தன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பரிதாபம்னா வேணாங்க" என்றான். "இன்னைக்குப் பரிதாபப்பட்டுட்டு, நாளைக்கு நீங்களும் என்னை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டிகினு இருக்கக்கூடாது."

"எழுந்திருங்க" என்றாள் துர்கா.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள். துண்டைப் போர்த்துவதா வேண்டாமா என்று தெரியாமல் பலராமன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணாடியைப் பார்த்து, விலாசம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "இவருக்கு முடி இருந்திருந்தா அதையே சீவிகினு இருந்திருப்பாரு. அது போயிட்டதால எதிர்ல நிக்கறவங்களைப் பாக்கறாரு. இன்னைக்கு என்னைப் பாத்தாரு. எனக்கு இவரை இப்படியே புடிச்சிருக்குது."

அதுவரை இடுப்போடு நின்றிருந்த அவள் சடை நாற்காலியின் முதுகைத் தாண்டி, இருக்கைக்குக் கீழே இறங்கி, தரையைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. கீழே கிடந்த வெட்டு முடியைப் பலராமன் காலால் ஓரமாகத் தள்ளி அதற்கு இடம் விட்டார். சித்தி குனிந்து சடையை எடுத்தாள், ஒட்டியிருந்த அடுத்தவர் மயிரை உதறினாள், நுனியை லேசாக இழுத்துப் பார்த்தாள். பிறகு தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து மேலிருந்து கீழாக அளந்துகொண்டே வந்தாள்.

"முகூர்த்தத்துக்குப் பூ ரெண்டு மொழம் சேத்துத்தான் சொல்லணும்" என்றாள்.